எலக்ட்ரான் கற்றையால் பாலிமர் நுண்வரிகள்: உங்கள் டோஸை நீங்களே கண்டெடுங்கள்

எலக்ட்ரான் கற்றையைக் கொண்டு பாலிமரில் நானோமீட்டர் அளவு வடிவங்கள் வரையப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என் அன்றாட வேலை. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஓர் எண்ணைக் கையோடு கொண்டுவருகிறார்கள். அதுதான் டோஸ்: ஒரு பரப்பில் விழ வேண்டிய மின்னூட்டம், மைக்ரோகூலும் என்ற அலகில். "சதுர சென்டிமீட்டருக்கு 300 மைக்ரோகூலும் கொடுத்தால் போதும் என்று கட்டுரையில் போட்டிருக்கிறது" என்பார்கள். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது வேறொருவருடைய எந்திரத்தில், வேறொரு தடிமனில், வேறொரு வெப்பநிலையில் இருந்த டெவலப்பரில் (கற்றை பட்ட பாலிமரைக் கரைக்கும் திரவம்) பிறந்த எண். உங்கள் சிலிக்கான் துண்டுக்கு உரிய எண் உங்கள் மேசையில்தான் பிறக்க வேண்டும். அதைக் கண்டெடுக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். மற்ற படிகள் எல்லாம் அந்த எண்ணை நம்பத்தகுந்ததாக ஆக்குவதற்காகவே இருக்கின்றன.

கைக்கு அடக்கமான ஓர் இலக்கை வைத்துக்கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் சதுரச் சிலிக்கான் துண்டு. அதன் மேல் 200 நானோமீட்டர் தடிமனில் பிஎம்எம்ஏ பாலிமர் படலம். அதில் 100 நானோமீட்டர் அகலத்தில் பாலிமர் வரப்புகள், வரப்புக்கு வரப்பு 100 நானோமீட்டர் இடைவெளி. இதைச் சரியாகச் செய்யத் தெரிந்துவிட்டால் துளைகள், தூண்கள், வளையங்கள் என எதையும் தைரியமாகத் தொடலாம்.

பிஎம்எம்ஏ என்பது பாலிமீத்தைல் மெத்தாக்ரிலேட். கண்ணாடிக்கு மாற்றாகப் பயன்படும் அக்ரிலிக் பலகையின் அதே பொருள். ஐபிஎம் ஆய்வாளர்கள் 1968ஆம் ஆண்டு இதை எலக்ட்ரான் கற்றைக்கான ரெசிஸ்ட்டாக, அதாவது கற்றையால் வடிவம் பதிக்கும் படலப் பொருளாக, அறிமுகப்படுத்தினார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பொருளை நான் பார்க்கவில்லை. விளக்கு வெளிச்சம் இதைக் கெடுக்காது. புட்டியில் நெடுநாள் தாங்கும். தவறு செய்தால் அசிட்டோனில் கரைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

இது வேலை செய்யும் விதம் எளியது. நாம் வாங்கும் கரைசலில் உள்ள சங்கிலி மூலக்கூறுகள் மிக நீளமானவை. மூலக்கூறு எடை 9,50,000 அளவில் இருக்கும். எலக்ட்ரான் பட்ட இடத்தில் சங்கிலி துண்டுதுண்டாக அறுகிறது. குட்டைத் துண்டுகள் டெவலப்பரில் விரைவாகக் கரைகின்றன. நீண்ட சங்கிலிகள் நிற்கின்றன. ஆகவே கற்றை பட்ட இடம் பள்ளமாகும், படாத இடம் வரப்பாகும். பாலிமர் வரப்பு வேண்டும் என்றால் இடைவெளியைத்தான் வரைய வேண்டும். முதல் நாளில் இதைத் தலைகீழாக வரைந்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. வரைபடக் கோப்பை ஒருமுறை இந்தக் கண்ணோடு பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். சங்கிலியை அறுப்பது பெரும்பாலும் மேலிருந்து வரும் வேகமான எலக்ட்ரான் அல்ல. அது வழியில் கிளப்பிவிடும் மெதுவான இரண்டாம்நிலை எலக்ட்ரான்களே அந்த வேலையைச் செய்கின்றன. அவை சில நானோமீட்டர் தூரம் பக்கவாட்டில் பரவுகின்றன. அதனால்தான் கற்றையை 2 நானோமீட்டருக்குக் குவித்தாலும் அதே மெல்லிய கோடு பாலிமரில் கிடைப்பதில்லை.

துண்டைத் தயார் செய்தல்

சிலிக்கானை அசிட்டோனில் 5 நிமிடம், பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 5 நிமிடம் மீயொலித் தொட்டியில் வையுங்கள். அசிட்டோனிலிருந்து எடுத்த துண்டைக் காற்றில் உலர விடக் கூடாது. உலர்ந்தால் வெள்ளையாக ஒரு கறை படியும். அதன் மேல் பாலிமர் ஒருபோதும் சீராகப் பரவாது. ஈரம் காயும் முன்பே ஆல்கஹாலுக்கு மாற்றி, அங்கிருந்து எடுத்ததும் நைட்ரஜனால் ஒரே திசையில் ஊதுங்கள். பின்னர் 180 டிகிரி செல்சியஸ் ஹாட் பிளேட்டில் 5 நிமிடம் வைத்தால் ஒட்டியிருக்கும் நீர் போய்விடும். கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கடுமையான அமிலக் கலவைகளைப் புதியவர்கள் தொட வேண்டாம். இந்த வேலைக்கு அவை தேவையே இல்லை.

அனிசோல் என்ற கரைப்பானில் 4 சதவீதம் கரைத்த பிஎம்எம்ஏயை 0.2 மைக்ரான் வடிகட்டி வழியாக இரண்டு மூன்று சொட்டுகள் விட்டு, நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஒரு நிமிடம் சுழற்றினால் ஏறத்தாழ 200 நானோமீட்டர் கிடைக்கும். 2 சதவீதக் கரைசல் என்றால் ஏறத்தாழ 70. சொட்டு விழுந்த பின் தயங்காமல் சுழற்றுங்கள். அனிசோல் மெதுவாகத்தான் ஆவியாகும் என்றாலும் காத்திருப்பதால் ஒரு நன்மையும் இல்லை.

தடிமனைக் கண்ணாலேயே மதிப்பிடப் பழகிக்கொள்ளலாம். சிலிக்கான் மேல் மெல்லிய படலம் ஒளிக் குறுக்கீட்டால் நிறம் காட்டும். 70 நானோமீட்டரில் பழுப்பு, 100ல் கத்தரிப்பூ நிறம், 150ல் வெளிர்நீலம், 200ல் வெளிர்பொன். துண்டை விளக்குக்கு நேர்கீழே பிடித்துச் செங்குத்தாகப் பாருங்கள். நடுவில் ஒரே நிறம் பரந்திருந்தால் படலம் நன்று. ஒரு புள்ளியிலிருந்து வால்நட்சத்திரம் போல நிறக்கோடு நீண்டால் அங்கே தூசி உட்கார்ந்திருக்கிறது. கழுவிவிட்டு மறுபடி சுழற்றுங்கள். சிறு துண்டின் விளிம்பில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு வானவில் வளையங்கள் வருவது இயல்பு. அங்கே படலம் தடித்திருக்கும். வேலை முழுவதையும் நடுப்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 180 டிகிரியில் 90 விநாடி சூடாக்க வேண்டும். இந்தப் படியை எல்லோரும் அலட்சியமாகக் கடந்துவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கடந்தேன். தொடர்ந்து மூன்று வாரம் என் துண்டுகளில் ஒரு பக்கத்து வரப்புகள் மட்டும் உரிந்து வந்தன. டோஸை மாற்றினேன், டெவலப்பரை மாற்றினேன், புதுப் புட்டி திறந்தேன். கடைசியில் ஒரு மேற்பரப்பு வெப்பமானியைத் தட்டின் மேல் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. திரையில் 180 என்று இருந்தது. தட்டின் நடுவில் 176. நான் வழக்கமாகத் துண்டை வைக்கும் ஓரத்தில் 158. உள்ளே தங்கிய கரைப்பான்தான் பிடிமானத்தைக் கெடுத்திருக்கிறது. அன்றிலிருந்து தட்டின் நடுவில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். துண்டு அந்த வட்டத்துக்குள்தான் உட்கார வேண்டும். உங்கள் தட்டையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

எந்திரத்தில் ஏற்றும் முன் துண்டின் ஒரு மூலையில் வைர முனையால் சிறு கீறல் போடுங்கள். திசை தெரிவதற்கு மட்டுமல்ல, ஃபோகஸ் செய்வதற்கும் இதுவே உதவும். துண்டு மின்கடத்தும் கவ்வியோடு நன்றாகத் தொட்டிருக்க வேண்டும். ஒட்டுப்பட்டையால் ஒட்டினால் துண்டு சாய்ந்து உட்காரும்; வெற்றிடத்தில் அந்தப் பட்டை வாயுவும் கக்கும்.

ஃபோகஸ்: அவசரம் ஆகாத இடம்

30 கிலோவோல்ட், 100 பிகோஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். கற்றையின் மின்னோட்டத்தை, அதை அளப்பதற்கென்றே உள்ள ஃபாரடே கிண்ணத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எந்திரம் காட்டும் பெயரளவு எண்ணை அல்ல, அளந்த எண்ணை.

இங்கே ஒரு கணக்கு. நீங்கள் ஃபோகஸ் செய்வதற்காக எந்த இடத்தைப் பார்க்கிறீர்களோ அந்த இடம் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டே இருக்கிறது. திரையில் 100 மைக்ரான் அகலச் சதுரம் தெரிந்தால், 100 பிகோஆம்பியரில் ஒவ்வொரு விநாடியும் சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோகூலும் விழுகிறது. பெரிதாக்கி 10 மைக்ரான் சதுரத்தைப் பார்த்தால் விநாடிக்கு 100 மைக்ரோகூலும். மூன்றே விநாடியில் அந்த இடம் முழு டோஸையும் வாங்கிவிட்டது. ஆகவே வரையப்போகும் பரப்பை எந்தக் காரணத்துக்காகவும் எட்டிப் பார்க்காதீர்கள். கற்றையை அடைத்துவிட்டுத்தான் துண்டைத் தாங்கும் மேடையை நகர்த்த வேண்டும்.

முதலில் மூலைக் கீறலுக்குப் போங்கள். கீறல் ஓரத்தில் சிலிக்கான் துகள்கள் சிதறிக் கிடக்கும். அவற்றில் சிறியதாக ஒன்றைப் பிடித்துக் கூர்மையாக்குங்கள். பிறகு கீறலைவிட்டு, வரையும் பரப்பின் பக்கமாக, சுத்தமான படலத்துக்கு நகருங்கள். அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது, வெறும் சாம்பல் திரைதான். கற்றையை ஒரே புள்ளியில் 10 விநாடி நிறுத்திவிட்டுத் திரும்பப் பாருங்கள். சாம்பல் நடுவில் ஒரு சிறு வெள்ளைப் பொட்டு எழுந்திருக்கும். அது கற்றையே தன் கையால் போட்ட கையொப்பம். பொட்டு பெரிதாக, ஓரம் கரைந்து இருந்தால் ஃபோகஸ் தள்ளியிருக்கிறது. நெல்மணி போல ஒரு பக்கம் நீண்டிருந்தால் கற்றையின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லை. அதை வட்டமாக்கும் ஸ்டிக்மேட்டரைத் திருத்த வேண்டும். சிறிது திருத்துங்கள், இரண்டு மைக்ரான் தள்ளி மறுபடி ஒரு பொட்டு வையுங்கள். நான் ஐந்தாறு பொட்டுகள் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறுத்து வருவதைப் பார்த்த பிறகே நிறுத்துவேன். கடைசிப் பொட்டு வட்டமாகவும், 20 அல்லது 30 நானோமீட்டர் அளவிலும், நடுவில் கூர்ந்த வெள்ளையோடும் இருக்கும். அதைப் பார்த்ததும் மனம் தானாகவே அமைதியாகிவிடுகிறது.

இதையே துண்டின் மூன்று மூலைகளில் செய்யுங்கள். துண்டு எப்போதும் சற்றே சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கும்; மூன்று இடத்து ஃபோகஸ் தெரிந்தால் மென்பொருள் நடுவில் உள்ள உயரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். இதற்கு அரை மணி நேரம் பிடித்தால் பிடிக்கட்டும். மங்கிய கற்றையில் போட்ட டோஸ் கட்டம், அதாவது ஒரே வடிவத்தைப் பல டோஸ்களில் வரைந்து பார்க்கும் சோதனை, எதையும் சொல்லித்தராது.

டோஸ் கட்டம்

டோஸ் என்பது ஒரு பரப்பில் எவ்வளவு மின்னூட்டம் விழுந்தது என்பது. கற்றை ஒரு புள்ளியில் நின்று, அடுத்த புள்ளிக்குத் தாவி, அங்கே நிற்கிறது. புள்ளிக்குப் புள்ளி 10 நானோமீட்டர் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 300 மைக்ரோகூலும் டோஸுக்கு 100 பிகோஆம்பியரில் ஒவ்வொரு புள்ளியிலும் 3 மைக்ரோவிநாடி நிற்க வேண்டும். 100 மைக்ரான் சதுரத்தை முழுவதும் நிரப்ப 300 விநாடி. நம் வரப்புகளில் பாதிப் பரப்பைத்தான் வரைகிறோம் என்பதால் 150 விநாடி. இந்தக் கணக்கைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நிற்கும் நேரம் உங்கள் எந்திரம் கையாளக்கூடிய மிகச் சிறிய நேரத்தைவிடக் குறைந்தால் புள்ளி இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது மின்னோட்டத்தைக் குறையுங்கள்.

இனி கட்டம். ஒரே வடிவத்தை 16 முறை, ஒவ்வொன்றும் முந்தையதைவிட 1.1 மடங்கு டோஸில் வரையுங்கள். 150ல் தொடங்கினால் 165, 182 என்று ஏறி 16ஆவது கட்டம் 627ல் முடியும். சமமாக 20, 20 என்று கூட்டிப் போவதைவிட மடங்காகப் போவதே நல்லது. குறைந்த டோஸில் 20 என்பது பெரிய மாற்றம், உயர்ந்த டோஸில் ஒன்றுமே இல்லை.

கட்டங்களுக்குள் வெறும் சதுரம் மட்டும் வைக்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய அதே வரப்பு வரிசையை, அதே அடர்த்தியில், அதே பரப்பளவில் வையுங்கள். பக்கத்தில் தனியாக ஒரு கோடும் வையுங்கள். இதற்குக் காரணம் அண்மை விளைவு. படலத்தைத் துளைத்துச் சிலிக்கானுக்குள் போன எலக்ட்ரான்களில் ஒரு பகுதி திரும்பி மேலே வருகிறது. 30 கிலோவோல்ட்டில் அது நுழைந்த இடத்திலிருந்து மூன்று நான்கு மைக்ரான் தள்ளிக்கூட வெளிப்படும்; 100 கிலோவோல்ட்டில் 30 மைக்ரான் அளவுக்கு. ஆகவே அடர்ந்த வரிசையின் நடுவில் உள்ள கோடு தன் பங்கோடு அண்டைக் கோடுகளின் எச்சத்தையும் சேர்த்து வாங்குகிறது. ஓரத்துக் கோடு அதில் பாதியைத்தான் வாங்குகிறது. தனிக் கோட்டுக்கு அதுவும் இல்லை. 5 மைக்ரான் சதுரத்தில் சோதித்துவிட்டு 100 மைக்ரான் சதுரம் வரைந்தால் நடுப்பகுதி அதிக டோஸில் கரைந்து ஓடுவது இதனால்தான். சோதனைக் கட்டம் குறைந்தது 20 மைக்ரான் அகலமாவது இருக்கட்டும். கட்டத்துக்குக் கட்டம் 50 மைக்ரானாவது விட்டுவையுங்கள். இல்லையென்றால் ஒன்று மற்றொன்றின் டோஸைக் கூட்டிவிடும்.

முடுக்க மின்னழுத்தத்தை மாற்றினால் பழைய எண் செல்லாது. வேகமான எலக்ட்ரான் மெல்லிய படலத்தில் குறைந்த ஆற்றலையே விட்டுச்செல்கிறது. 10 கிலோவோல்ட்டில் 100 மைக்ரோகூலும் போதுமானதாக இருந்த இடத்தில் 30 கிலோவோல்ட்டுக்கு ஏறத்தாழ 300, 100 கிலோவோல்ட்டுக்கு ஆயிரத்தை ஒட்டி வேண்டியிருக்கும். கற்றை ஒரே தடவை ஓடிப் போடும் ஒற்றைக் கோட்டுக்கும் ஒற்றைப் புள்ளிக்கும் கணக்கே வேறு. கோட்டை நீளத்தால் அளப்பார்கள், சென்டிமீட்டருக்கு 1 நானோகூலும் என்ற அளவில். புள்ளியைத் தனித்தனியாக, ஃபெம்டோகூலும் கணக்கில்.

வரைவதற்கு முன்பும் பின்பும் மின்னோட்டத்தை அளந்துகொள்ளுங்கள் என்று நான் ஒவ்வொருவரிடமும் வற்புறுத்துகிறேன். இரவெல்லாம் ஓடிய ஆறு மணி நேர வேலை ஒன்றை நான் இழந்திருக்கிறேன். தொடங்கும்போது 100 பிகோஆம்பியர் இருந்தது. காலையில் அளந்தபோது 82. எந்திரம் தொடக்க எண்ணையே நம்பி நிற்கும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. முதலில் வரைந்த பகுதி பளிச்சென்று திறந்திருந்தது. கடைசிப் பகுதியில் பள்ளங்களின் அடியில் பாலிமர் மிச்சம் இருந்தது. இடையில் உள்ள எல்லாமே பாதிக் கிணறு. அது ஒரு மாணவியின் ஆய்வுக்கான துண்டு. அவரிடம் சொல்லப் போன அந்தக் காலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. இப்போது நீண்ட வேலைகளைப் பல பகுதிகளாக உடைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் முன் மின்னோட்டத்தைத் தானாக அளந்து நேரத்தைத் திருத்தும்படி அமைத்துவிடுகிறேன்.

எலக்ட்ரான் கற்றை ஒரே நேரத்தில் எட்டக்கூடிய சதுரத்தைத் தாண்டிய வடிவம் என்றால் மேடை நகர்ந்து அடுத்த சதுரத்தை ஒட்டவைக்கும். அந்த ஒட்டில் சில பத்து நானோமீட்டர் பிசகு வரலாம். முக்கியமான எதையும் ஒட்டின் மேல் வைக்காதீர்கள்.

டெவலப்பர்: முப்பது விநாடி

மீத்தைல் ஐசோபியூட்டைல் கீட்டோன் ஒரு பங்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் மூன்று பங்கு. இந்தக் கலவைதான் பிஎம்எம்ஏக்குப் பழைய, நம்பகமான டெவலப்பர். காற்றோட்டப் பெட்டிக்குள் மட்டுமே ஊற்றுங்கள். ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், எளிதில் தீப்பற்றும்.

இரண்டு சிறு கண்ணாடிக் கிண்ணங்கள். ஒன்றில் டெவலப்பர், மற்றொன்றில் வெறும் ஆல்கஹால். இரண்டிலும் வெப்பமானி வைத்துப் பாருங்கள். நான் 21 டிகிரியை எட்டும் வரை காத்திருப்பேன். புட்டியை இப்போதுதான் குளிர்ந்த அலமாரியிலிருந்து எடுத்திருந்தால் எண் எல்லாம் மாறிப்போகும். வெப்பம் கூடினால் எலக்ட்ரான் படாத சங்கிலிகளும் கரையத் தொடங்குகின்றன, வரப்பின் தோள் மழுங்குகிறது. மாறாக டெவலப்பரைப் பூச்சியத்துக்குக் குளிர வைத்தால் கூடுதல் டோஸ் கேட்கும், ஆனால் ஓரங்கள் கூர்மையாகும். 30 நானோமீட்டருக்குக் கீழே போகிறவர்கள் அதைக் கட்டாயம் முயன்று பார்க்க வேண்டும். அதற்குத் தனி டோஸ் கட்டம் போட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

துண்டை இடுக்கியால் விளிம்பில் பிடித்து, தலை சாய்த்து உள்ளே இறக்குங்கள். மெதுவாக, ஒரே சீராக அசையுங்கள். ஐந்தாறு விநாடியில் உயர் டோஸ் கட்டங்கள் வெறுங்கண்ணுக்கே தெரிய ஆரம்பிக்கும். வெளிர்பொன் நிறப் படலத்தில் ஒவ்வொன்றாகச் சின்னஞ்சிறு சதுரங்கள் நிறம் மாறும். பள்ளம் ஆழமாகும்போது நிறம் பொன்னிலிருந்து நீலத்துக்கும், நீலத்திலிருந்து கத்தரிப்பூவுக்கும் இறங்குவதைச் சில சமயம் பார்க்கலாம். கண் அதில் லயித்துவிடும். கை மட்டும் கடிகாரத்தை மறக்கக் கூடாது. 30 விநாடி ஆனதும் நேராக ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள், அங்கே இன்னொரு 30 விநாடி. பிறகு நைட்ரஜன். 30 என்பது 45 ஆனாலும் தவறில்லை, ஆனால் நாளைக்கும் அதே 45 ஆக இருக்க வேண்டும்.

உலர்த்தும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. இரண்டு வரப்புகளுக்கு நடுவே நிற்கும் திரவம் ஆவியாகும்போது பரப்பு இழுவிசையால் இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கிறது. உயரம் அகலத்தைவிட மூன்று நான்கு மடங்கைத் தாண்டினால் வரப்புகள் ஜோடி ஜோடியாகத் தலை சாய்ந்து ஒட்டிக்கொள்கின்றன. நம் வரப்பு 200 உயரம், 100 அகலம், கவலை இல்லை. அகலத்தை 50 ஆக்கினால் விளிம்பில் நிற்கிறீர்கள். படலத்தை மெலிதாக்குவதே நல்ல தீர்வு. கடைசி அலசலுக்குத் தண்ணீர் வேண்டாம் என்பதும் இதனால்தான். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், ஆல்கஹாலுக்கு 22கூட இல்லை. அப்படியும் சாய்ந்தால் கரியமில வாயுவை 31 டிகிரிக்கும் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோய் உலர்த்தும் கருவி உண்டு. அந்த நிலையில் திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவே பரப்பே இல்லாததால் இழுவையும் இல்லை.

கட்டத்தைப் படித்தல்

முதலில் ஒளி நுண்ணோக்கி. குறைந்த டோஸ் கட்டங்களில் சதுரம் முழுதாகத் திறக்காமல் உள்ளே படலத்தின் நிறம் தங்கியிருக்கும். டோஸ் ஏற ஏற, ஏதோ ஒரு சதுரத்தில் முதன்முறையாக வெறும் சிலிக்கானின் சாம்பல் தெரியும். அதுதான் திறக்கும் டோஸ். அதற்கு மேலே மூன்று நான்கு கட்டங்கள்தான் உங்களுக்கு வேண்டியவை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அவற்றை மட்டும் அளவெடுங்கள். டோஸ் கூடக்கூட இடைவெளி விரியும், வரப்பு மெலியும். 100க்கு 100 சமமாக நிற்கும் கட்டம் எது என்று பாருங்கள். நடுவிலும் ஓரத்திலும் தனித்தனியாக அளந்து, இரண்டையும் குறித்துவையுங்கள்.

பார்க்கும் எலக்ட்ரானும் எலக்ட்ரான்தான். நுண்ணோக்கியில் நீண்ட நேரம் வைத்துப் பார்த்தால் பிஎம்எம்ஏ வரப்பு கண்ணெதிரே சுருங்கும், நீங்கள் அளப்பது சுருங்கிய அகலத்தை. குறைந்த மின்னழுத்தத்தில், விரைவாக ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு நகருங்கள். உண்மையான துண்டை இப்படிப் பார்க்கவே வேண்டாம். அதற்காகத்தான் அதே துண்டின் ஓரத்தில் சாட்சிக்கு ஒரு சிறு வரிசை வரைந்துவைக்கச் சொல்கிறேன்.

பள்ளத்தின் அடியில் மெல்லிய எச்சம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அங்கே வேறெதையாவது ஒட்டவோ வளர்க்கவோ போகிறீர்கள் என்றால் ஆக்சிஜன் பிளாஸ்மாவில் குறைந்த திறனில் சில விநாடிகள் காட்டுங்கள். பாலிமர் வரப்பும் சேர்ந்து தேயும் என்பதால் எத்தனை விநாடிக்கு எத்தனை நானோமீட்டர் என்று முதலில் வெற்றுப் படலத்தில் அளந்துகொள்ளுங்கள். இதற்குப் பிறகு துண்டைச் சூடாக்க வேண்டிய வேலை வந்தால் 105 டிகிரியை நினைவில் வையுங்கள். பிஎம்எம்ஏ ஏறத்தாழ அங்கே இளகத் தொடங்கும், வரப்புகள் உருண்டுவிடும்.

கண்ணாடி மேல் வரைகிறவர்களுக்கு

கண்ணாடி மின்னூட்டத்தை வெளியேற்றாது. அது தேங்கித் தேங்கிக் கற்றையையே விலக்கித் தள்ளும். கோடுகள் வளையும், இடம் மாறும். பிஎம்எம்ஏயின் மேல் 10 நானோமீட்டர் அலுமினியம் படியவைத்து அதை மின்தரையோடு (எர்த்) இணைத்துவிடுங்கள். படியவைக்கும் முறையில் கவனம் தேவை. மின்தடைச் சூட்டில் ஆவியாக்குங்கள். எலக்ட்ரான் கற்றையால் உலோகத்தை உருக்கும் கருவியில் வைத்தால் அங்கே சிதறும் எலக்ட்ரான்களும் எக்ஸ் கதிர்களும் படலத்தை முன்கூட்டியே கெடுத்துவிடும். வரைந்து முடித்ததும் நீர்த்த காரக் கரைசலில் அலுமினியத்தைக் கரைத்து, கழுவி, உலர்த்தி, அதன் பிறகே டெவலப்பர்.

வரப்புக்கு அப்பால்

டோஸ் கண்டெடுக்கும் பழக்கம் கைவந்தபின் இரண்டு வழிகள் திறக்கின்றன.

ஒன்று, அதே பிஎம்எம்ஏயை எதிர்ப்பக்கமாகப் பயன்படுத்துவது. டோஸைப் பல மடங்கு உயர்த்தி, 30 கிலோவோல்ட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 20,000 மைக்ரோகூலும் என்ற அளவுக்குக் கொண்டுபோனால், அறுந்த சங்கிலிகள் தங்களுக்குள் குறுக்காகப் பிணைந்து கரையாத, கரிச்செறிவான பொருளாக மாறுகின்றன. பிறகு அசிட்டோனில் ஊறவைத்தால் மற்றதெல்லாம் போய், கற்றை பட்ட இடம் மட்டும் நிற்கும். பொறுமை வேண்டும்: 100 பிகோஆம்பியரில் 100 மைக்ரான் சதுரத்தை இப்படி நிரப்ப ஐந்தரை மணி நேரம். தனித் தூண்கள், மெல்லிய கோடுகள் என்று சிறியவற்றுக்கே இது பொருந்தும். இங்கேயும் டோஸ் கட்டம் உண்டு, 5,000லிருந்து 40,000 வரை.

மற்றொன்று எனக்கு மிகவும் பிடித்தது: பாலிமரைச் செதுக்காமல் வளர்ப்பது. மெல்லிய 70 நானோமீட்டர் பிஎம்எம்ஏயில் துளைகள் திறந்து, பிளாஸ்மா காட்டி, திறந்த சிலிக்கான் மேல் புரோமின் முனை கொண்ட சிலேன் மூலக்கூறு ஒன்றை ஆவியாகப் படியவைக்கிறோம். அசிட்டோனில் பிஎம்எம்ஏயை நீக்கினால் துளை இருந்த இடங்களில் மட்டும் அந்த மூலக்கூறு விதைபோல நிற்கும். அணு மாற்றத் தனியுறுப்புப் பலபடியாக்கம் எனப்படும் வினையில், தாமிர வினையூக்கியோடு, ஆக்சிஜனை அறவே விரட்டிய கரைசலில் துண்டை வைத்தால் ஒவ்வொரு விதையிலிருந்தும் ஒரு சங்கிலி எழுகிறது. நெருக்கமாக நிற்பதால் சங்கிலிகள் தூரிகையின் மயிர்போல நிமிர்ந்து வளரும். பொட்டின் ஓரத்தில் நிற்பவை பக்கவாட்டில் சாய்ந்து படுக்கும். அதனால் வளர்ந்த பொட்டு, வரைந்த துளையைவிட அகலமாகவும் ஓரத்தில் தாழ்ந்தும் இருக்கும். 100 நானோமீட்டர் பொட்டு வேண்டும் என்றால் துளையை அதைவிடச் சிறிதாகத் திறக்க வேண்டும். எவ்வளவு சிறிதாக என்பது சங்கிலியின் நீளத்தைப் பொறுத்தது. 40, 50, 60, 80, 100 என்று துளைகளை வரிசையாக வைத்து, ஒரே தொட்டியில் வளர்த்து, அணுவிசை நுண்ணோக்கியில் உயரத்தையும் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். முதலில் உலர்ந்த நிலையில், பிறகு சங்கிலிக்குப் பிடித்த கரைப்பானுக்குள். உள்ளே போனதும் பொட்டுகள் உப்பி எழுந்து நிற்கும். இரண்டு எண்களையும் துளையின் அளவுக்கு எதிரே, டோஸுக்கும் மின்னோட்டத்துக்கும் டெவலப்பர் வெப்பநிலைக்கும் பக்கத்தில், அதே பக்கத்தில் எழுதுங்கள்.